ஓட்டைக் கூடுகள்

கடையில் ஆறு உருண்டை நூற்றெண்பது ரூபாய்.
உள்ளே காற்று, மேலே மினுக்கு.
எடுத்து, விலைச்சீட்டைப் படித்து,
எடுத்த சுவடு தெரியாமல் திருப்பி வைத்தேன்.
"வேற கலர் இருக்குதுக்கா" என்றான் பையன்.
கலர் இல்லை தம்பி பிரச்சினை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில்
எடை எழுதுவது என் வேலை.
பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டுக்கு
ஏலம் கிடையாது.
இழை அறுந்தது அறுந்ததுதான்,
எந்தத் தறிக்கும் ஆகாது.
தப்பித்தவை விட்டுப்போன வீடுகள்
மூலையில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன.
"அள்ளிக்கோ செலின்" என்றார் மாதப்பன்.
டீக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று
பத்து ரூபாய் நீட்டினேன்.
வேண்டாம் என்று சொல்லுவார் என நினைத்தேன்.
வாங்கிக்கொண்டார்.

மரம் என்று சொல்கிறேனே,
அது பாலக்கோட்டு டவுன் பஸ்ஸின்
கடைசி சீட்டில் வந்த சவுக்குக் கிளை.
எனக்கு இலவசம்.
கிளைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் போனார் நடத்துனர்,
பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார்.
பெயிண்ட் வாளியில் ஜல்லி கொட்டி நட்டோம்.
சாய்ந்தது.
ஜன்னல் கம்பியோடு சேர்த்து
பழைய சேலைக் கரையால் கட்டினார் ஸ்தனிஸ்,
ஓடிப்போன கன்றைக் கட்டுவது போல.

மூன்று இரவு வேலை.
வெள்ளைக் கூட்டை பீட்ரூட் தண்ணீரில் போட்டால் ரோஜா,
விடிந்து பார்த்தால் பழுப்பு.
மஞ்சள் கூட்டுக்கு ஒன்றும் வேண்டாம், பிறந்ததே அப்படி.
நாலாய் அறுத்து விரித்தால் பூ,
நடுவில் ஒரு கிராம்பு.
ஸ்தனிஸ் விழுங்கிய சர்க்கரை மாத்திரைகளின்
அட்டைகள், பதினோரு மாதச் சேமிப்பு,
வெட்டி மடித்தால் நட்சத்திரம்.
அதில் ஒன்றின் முனையில்
மருந்துக்கடைக்காரர் பேனாவால் எழுதிய
'சா. முன்' அப்படியே இருந்தது.
மே மாதம் சப்பிப்போட்ட மாங்கொட்டைகளைக்
கழுவிக் காயவைத்து நாரைச் சீவினேன், ஆடுகளாக.
ஜெனோவா பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இது ஆடு இல்லம்மா,
தூங்கி எழுந்த அப்பா."

நடுச்சாமப் பூசை முடிந்து திரும்ப மணி இரண்டு.
பைபாஸில் பனி.
லாரிகள் விளக்கோடு நின்றிருந்தன,
எங்கே போகிறோம் என்பதை மறந்தவை போல.
பூட்டைத் திறந்து, செருப்போடு உள்ளே போய்,
விளக்கைப் போட்டால்

மரத்தில் நாங்கள் மாட்டாத ஒன்று இருந்தது.

வெள்ளையாய், ஈரமாய்,
இறக்கை நடுங்க.

சாக்கில் ஒரு முழுக்கூடு கலந்திருக்கிறது.
காதருகே குலுக்கினால் உள்ளே உருளும் சத்தம் கேட்கும்.
ஆயிரம் கூடு குலுக்கிய கை இது,
அன்றைக்குக் குலுக்கவில்லை.
நூல் கோத்து, முடிச்சுப் போட்டு,
உயிரைத் தொங்கவிட்டிருக்கிறேன் மூன்று இரவாய்.

பறக்கத் தெரியாத பூச்சி அது.
தின்ன வாயும் கிடையாது.
சொன்னால் கேட்காமல்
கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வைத்தாள் ஜெனோவா.
அது கேக்கைப் பார்க்கவே இல்லை.
ஊர்ந்து ஊர்ந்து
'சா. முன்' நட்சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காலையில் நட்சத்திரம் முழுக்க
மஞ்சள் புள்ளிகள், கடுகிலும் சிறியவை.
முந்நூறு இருக்கும் என்றேன்.
உட்கார்ந்து எண்ணிவிட்டு
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றாள்.

ஆண் சேராத முட்டை பொரியாது,
கறுக்காது, மஞ்சளாகவே கிடந்து வற்றும்.
அங்காடியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.
நானும் சொன்னேன்.
இன்றைக்கா இதைச் சொல்லுவாய் என்பது போல
ஸ்தனிஸ் என்னைப் பார்த்தார்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து
மரத்தைப் பிரித்தோம்.
சவுக்கு வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.
ஆடுகள் கட்டிலுக்கடியில் உருண்டன.
அந்த ஒரு நட்சத்திரம் மட்டும்
தீப்பெட்டிக்குள், அலமாரியில்.
பள்ளிக்கூடம் போகுமுன் தினமும்
திறந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

இன்று காலை
ஒன்று கறுத்திருக்கிறது என்கிறாள்.
தூசியாயிருக்கும் என்றேன்.
சொல்லிவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.